கள் அடும் மகளிரும் கழுநீரும்

தமிழ் இலக்கியம் படித்த மாணவிகள் பெரும்பாணாற்றுப்படையை ஒருமுறையேனும் கடந்து வந்திருப்பார்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது, பாட்டுடைத் தலைவன் தொண்டைமான் இளந்திரையன், 500 அடி, பத்துப்பாட்டில் ஒன்று. ஐந்து மதிப்பெண்ணுக்கு இது போதும். பரிசில் தேடும் பாணன் காஞ்சிக்கு நடக்கும் வழியில், அந்த 500 அடிக்குள் ஒரு பீர் செய்முறை ஏறக்குறைய முழுதாக இருக்கிறது. அதை வினாத்தாளில் நான் பார்த்ததில்லை.

பீர் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். பனையில் இறக்குவது கள், காய்ச்சி வடிப்பது சாராயம். தானியத்தின் மாவுச்சத்தை முளையின் உதவியால் சர்க்கரையாக்கி, அதைப் புளிக்கவைத்தால் கிடைப்பது பீர். குளத்து மீன் பிடிக்கும் வலைஞர் குடியிருப்பில் நடப்பது இதுதான். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவைக்கிறார்கள். புற்றாஞ்சோறு போல மேற்புறம் பொலிந்த ஓர் 'அடை'யை அதில் கலக்கிறார்கள். முளையை இடித்துச் செய்தது அது என்று உரை சொல்கிறது. இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து, இளசுத்தன்மை போனபின் விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன்.

இன்று உலகம் கொண்டாடும் பெல்ஜியத்துப் பண்ணைவீட்டு பீரான சேசோன் இதற்குத் தூரத்து உறவு. பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசும் வலோனியாவின் பீர் அது. தூர்ப் என்ற ஊரில் பண்ணையோடு சேர்ந்த துப்போன் ஆலையில் 1844 முதல் பீர் தயாராகிறது. அதன் சேசோனில் 6.5 சதவீதம் ஆல்கஹால். மற்ற ஏல் வகைகளுக்கு ஒத்துவராத 30 டிகிரி வெப்பத்திலும் அதன் நொதி சுறுசுறுப்பாக வேலை செய்யும். செங்கல்பட்டுக்காரிக்கு இது வியப்பில்லை. நம் மார்கழியிலும் பகல் வெயில் அவ்வளவுதான். சிறு பீர் ஆலைகளுக்கு உரிமம் உள்ள புதுச்சேரியில் அந்த வகை பீரைக் குடித்துப் பார்த்திருக்கிறேன். நாக்கில் மிளகு தட்டுகிறது, இனிப்பு அடியோடு இல்லை, தொண்டை வறண்டு இன்னொரு வாய் கேட்கிறது. நம் வலைஞர் பானம் இரண்டே நாள் பிள்ளை. லேசான இனிப்பு, கூடவே புளிப்பு, கலங்கல், பழைய சோற்று நீராகாரத்தின் வாசனை: இப்படித்தான் இருந்திருக்கும்.

சேசோனுக்கு ஒரு தலவரலாறு உண்டு. கோடையில் வயலில் வேலை செய்யவந்த கூலியாட்களின் தாகத்துக்காகக் குளிர்காலத்திலேயே காய்ச்சி வைத்த பீர் என்பார்கள். இதில் வரலாறு எவ்வளவு, விளம்பரம் எவ்வளவு என்று பீர் எழுத்தாளர்களே விவாதிக்கிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. கதையில் பண்ணை இருக்கிறது, குடித்தவன் இருக்கிறான். பண்ணைவீடு என்ற சொல்லில் பாதி வீடு. அந்த வீட்டில் இருந்தவள் எங்கே?

பெரும்பாணாற்றுப்படையிலும் இதே கேள்வி வருகிறது. செய்முறையை இலக்கணக் கண்ணோடு படித்துப் பாருங்கள். ஆற்றி, கலந்து, கழித்து என்று வினையெச்சங்கள் வரிசையாகப் போகின்றன. எழுவாய் இல்லை. தமிழ் இதற்கு வசதியான மொழி. செய்தவரைச் சொல்லாமலே முழு வேலையையும் சொல்லி முடித்துவிடலாம். அந்த உடலில் இருந்து பாட்டுக்குள் வருவது விரல் மட்டும்.

இது சங்கப் பாட்டின் பொது வழக்கம்தானே என்று நானும் ஒதுக்கியிருப்பேன், அதே பாட்டு சில அடிகள் தள்ளி வேறுவிதமாக நடந்துகொள்ளாமல் இருந்தால். அந்தணர் வீட்டில் பாணன் தங்கும்போது சோறும் மாவடுவும் கிடைக்கின்றன. அங்கே சமைத்தவள் வளையணிந்த கையோடு நேராக வந்து நிற்கிறாள். அவள் கற்பு வானத்து அருந்ததிக்கு ஒப்பு. சோறு சமைத்தவளுக்கு நட்சத்திரம், பீர் பிழிந்தவளுக்கு எழுவாயே இல்லை.

அவள் பெண்தானா என்று கேட்கலாம். வலைஞர் பகுதி அதைச் சொல்லவில்லை. ஆனால் பாணன் கடற்கரைக்கு, நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்துக்கு வந்ததும் சொல்லிவிடுகிறது. அந்தத் துறைமுகம் மாமல்லபுரம்தான் என்பார் சிலர். அந்த வழக்கில் நான் சாட்சி சொல்லப்போவதில்லை. பாலாற்று முகத்தருகே வாசவசமுத்திரத்தில் ரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகள் அகழ்வில் கிடைத்தன. ஆக, இந்தக் கரை வெளிநாட்டு மதுவையும் அறிந்த கரை. அந்தப் பட்டினத்தில்தான் 'கள் அடும் மகளிர்' வெளிப்படையாக வருகிறார்கள். எதற்காக? அவர்கள் வட்டில் கழுவிய நீர் வழிந்து சேறாகிறது. சேற்றில் பன்றிகள் புரளுகின்றன. அந்தப் பெண்பன்றிகளோடு சேரவிடாமல் குழியில் நிறுத்தி நெல்மா ஊட்டி வளர்த்த ஆண்பன்றியின் கொழுத்த கறியும் நல்ல கள்ளும் பாணனுக்குக் கிடைக்கும். விருந்துக்குப் போகும் பாதையில் பெண்களின் கழுநீர் ஒரு அடையாளக் கல்.

ஆனாலும் இந்தக் கவிஞரை நான் முழுக்கக் கைவிடமாட்டேன். கழுநீரைப் பார்த்தவர் அவர். மது வடிக்கும் வேலையில் பெரும்பகுதி பாத்திரம் கழுவுவதுதான் என்பது எந்த ஆலையில் கேட்டாலும் சொல்வார்கள். இவருடையதே ஆன பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்கள் இரவில் பட்டாடை களைந்து துகில் உடுத்துவதைப்போல, மட்டு என்ற கள்வகையை விட்டு மதுவுக்கு மாறுகிறார்கள். சுவை தெரிந்து தேர்ந்தெடுக்கும் பெண்கள். அதியமானோடு கள் பகிர்ந்ததை அவன் இறந்தபின் நினைத்து அழுத ஔவை இன்னொருத்தி. குடித்த பெண்ணுக்கு இலக்கியத்தில் இடம் இருந்திருக்கிறது. வடித்த பெண்ணுக்குத்தான் பன்றிச் சேறு.

ஜூடித் பென்னெட் என்ற வரலாற்றாசிரியர் 1996இல் வெளியிட்ட நூல் 1300 முதல் 1600 வரையிலான இங்கிலாந்தின் பெண் மதுவடிப்போரைப் பற்றியது. அங்கே ஏல் வடிப்பது முதலில் வீட்டுப் பெண்களின் சில்லறை வருமானம். ஹாப்ஸ் பூ சேர்த்த பீர் வந்தது. அது கெடாமல் நாள்பட நின்றது, தூரம் போனது, முதலீடு கேட்டது. லாபம் பெருகப் பெருகத் தொழில் ஆண்களின் கைக்குப் போனது. கூடவே ஏல் விற்கும் கிழவியைக் கலப்படக்காரியாக, அழுக்குப் பிடித்தவளாகக் கேலி செய்யும் பாட்டுகளும் படங்களும் வந்தன. நீர்ப்பெயற்றுச் சேறு எனக்கு அங்கேதான் நினைவுக்கு வந்தது.

இனி நம் பக்கம் வரவேண்டும், இது கொஞ்சம் கசப்பு. தமிழ்நாட்டில் மதுவும் பெண்ணும் என்றால் நாம் சொல்லும் கதை ஒன்றுதான். 1921இல் ஈரோட்டில் நாகம்மையும் கண்ணம்மாளும் நடத்திய கள்ளுக்கடை மறியல், 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, இன்று டாஸ்மாக் வாசலில் தரையில் உட்கார்ந்து மறிக்கும் பெண்கள். இந்தக் கதை உண்மை. அடி வாங்கியவளும் கூலியைப் பறிகொடுத்தவளும் சொன்ன கதை. அதைச் சேசோன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் மறுக்க முடியாது, நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதையில் பெண் எப்போதும் கடைக்கு வெளியேதான் நிற்கிறாள். உள்ளே சாடியருகே நின்றவளைப் பெண்ணியமும் மறந்துவிட்டது. போலீஸ் மட்டும் மறக்கவில்லை. கள்ளச்சாராய வழக்குகளில் அவள் பெயர் வருகிறது.

1987 முதல் கள்ளுக்குத் தடை. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை முழுக்க அரசு நிறுவனமான டாஸ்மாக்கிடம். லாபம் பெருகிய இடத்தில் இங்கே வந்து அமர்ந்தவர் அரசாங்கம். 2023 மே மாதம் மரக்காணம் பக்கமும் செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகம் பக்கமும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெண்களும் அதில் உண்டு. அவர்கள் குடித்தது யாரும் அடுப்பில் வைத்துக் காய்ச்சியதுகூட இல்லை, தொழிற்சாலை மெத்தனால். அடுத்த சில நாள் செய்திகள் எல்லாம் 'காய்ச்சியவர்களை'ப் பற்றியே பேசின. நெல்முளையைப் புளிக்கவைப்பதும் ரசாயனத்தைத் தண்ணீரில் கலப்பதும் ஒரே சொல்லுக்குள் அடங்கிப்போனது, அந்த அறிவு நம்மிடமிருந்து எவ்வளவு தூரம் போய்விட்டது என்பதைக் காட்டுகிறது.

அசாமில் திமாசா பெண்கள் வடிக்கும் ஜுடிமா என்ற அரிசி மதுவுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் மாநிலத்தில், பெரும்பாணாற்றுப்படை சொல்கிறபடி மதுராந்தகத்தில் ஒருத்தி தன் வீட்டுச் சாடியில் களியும் நெல்முளையும் கலந்து வைத்தால், மூன்றாம் நாள் காலையில் வாசலில் நிற்பது பாணனாக இருக்காது, மதுவிலக்கு அமலாக்கப் பிரிவாக இருக்கும். நான் செய்து பார்க்காததற்கும் அதுதான் காரணம். அந்தப் பானத்தின் சுவை பற்றி மேலே எழுதியது, நீராகாரம் குடித்து வளர்ந்த நாக்கின் ஊகம்.