கிடையும் ஊர் நியாயமும்

ஆடு மேய்ப்பவர்களைப் பற்றிக் கதை எழுத உட்காருகிறவர்களுக்கு ஒரு சபலம் காத்திருக்கிறது. புல்லாங்குழல், மாலை வெயில், மந்தை கிளப்பும் புழுதி இவற்றைக் கொண்டே கதையை ஒப்பேற்றிவிடலாம். அதற்கு இடங்கொடாத குறுநாவல் கி. ராஜநாராயணனின் 'கிடை'.

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பூமிதான் களம். ஆனாலும் திண்டிவனம், செஞ்சி வாசகர்களுக்கு அது அந்நியமாக இராது. செஞ்சியில் முதன்முதல் கோட்டை கட்டியவனே ஆனந்தக் கோன் என்ற இடையர் குலத் தலைவன் என்பது மரபு. வானத்தை நம்பிய மேட்டு நிலத்தில் மல்லாட்டை பிடுங்கியபின், எருவுக்காக ராத்திரியில் ஆட்டை மடக்குவது இங்கும் உள்ள வழக்கம். கொல்லைக்காரருக்கு ஆட்டின் இரவு வேண்டும், பகல் வேண்டாம். இரவில் எரு தருகிற அதே ஆடு, பகலில் பயிருக்கு எமன். மேய்ப்பவர் பிழைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் ஊசலாடுகிறது.

'கிடை' இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. எல்லப்பனும் செவனியும் தம்மை மறந்திருந்த வேளையில் ஆடுகள் பருத்தியில் புகுந்து அழிமானம் செய்துவிடுகின்றன. ஊர் கூடுகிறது, துப்புத் துலக்குகிறது. பருத்தியின் நஷ்டத்தை அளக்க ஊரிடம் கோல் இருக்கிறது. ஒடுக்கப்பட்ட ஜாதியில் பிறந்த செவனியின் நஷ்டத்தை அளக்க எந்தக் கோலும் இல்லை. எல்லப்பனுக்கு வேறொருத்தியோடு கல்யாணம், செவனிக்குப் பேயோட்டுகிறார்கள்.

இதைக் காதல் கதை என்று சொல்லி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு இது ஒரு வழக்கின் கதையாகவே படுகிறது. கிடையின் நடைமுறைகளை ஆசிரியர் விஸ்தாரமாகச் சொல்வதும் காரணத்தோடுதான். ஆட்டுக்கு இத்தனை சட்டம் வகுத்த ஊர், ஒரு பெண்ணுக்கு ஒன்றும் வகுக்கவில்லையே என்று வாசகருக்குத் தானாகவே உறைக்கிறது. ஆசிரியர் குரலை உயர்த்தவில்லை.

குறை ஒன்று உண்டு. செவனியின் மனத்துக்குள் கதை அதிகம் நுழைவதில்லை. ராமநாதபுரத்திலிருந்து தஞ்சைப் பக்கம் கிடை ஓட்டிவரும் குடும்பங்களைப் பற்றிய சு. தமிழ்ச்செல்வியின் 'கீதாரி' நாவலில் அந்தப் பக்கம் திறக்கிறது. மேய்ச்சல்காரப் பெண்ணின் உழைப்பும் தனிமையும் அங்கே கதையின் நடுவுக்கு வருகின்றன.

கி.ரா.வுக்கு 1991-இல் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக. 'கிடை'யைத் தழுவி 'ஒருத்தி' என்ற படத்தை அம்ஷன் குமார் எடுத்தார். பெரிய நாவலின் புகழிலும் படத்தின் நினைவிலும் இந்தச் சின்னப் புத்தகம் மறைந்துவிடலாகாது. விழுப்புரம் சீமையின் பட்டிகளைப் பற்றி எழுத நினைக்கும் இளைஞர்கள், குழலைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, முதலில் இதைப் படிக்கட்டும்.