ஏலத்துக்கு முந்தைய பேச்சு

புரோ கபடி ஏலம் நெருங்கும் வாரங்களில் சேலம், நாமக்கல் சமவெளியில் டீக்கடைப் பேச்சின் போக்கே மாறிவிடும். லாரிக்குப் பாடி கட்டும் நாமக்கல் பட்டறைகளிலும் பள்ளிபாளையத்துத் தறிக்கூடங்களிலும் வேலை முடிந்து கூடுகிறவர்கள் ஆளாளுக்கு ஓர் அணி கட்டத் தொடங்குவார்கள். “ரைடரா வாங்கிக் குவிச்சு என்னங்க ஆகறது, கார்னர்ல நிக்க ஆளு வேணுமில்ல?” என்பார் ஒருவர். போன பருவத்தில் கடைசி ஐந்து நிமிடத்தில் கைநழுவிய ஆட்டங்களை இன்னொருவர் விரல்விட்டு எண்ணுவார். முதல் ஆட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கும். அணியில் யார் யார் என்பதே முடிவாகியிருக்காது. இதை வெட்டிப் பேச்சு என்று தள்ளுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தப் பேச்சில் ஆட்டத்தைப் பற்றிய உண்மையான அறிவு இருக்கிறது. குறை வேறிடத்தில் உள்ளது: ஏலத்தில் தொகை விழுந்த கணத்திலேயே பேசுகிறவர்கள் தங்கள் அறிவைக் கைவிட்டு, அந்தத் தொகையைக் கொண்டு ஆட்டக்காரரை அளக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

அந்த அறிவு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கும் மின்னொளிக் கபடிப் போட்டிகளில் பார்வையாளர் களத்தின் கோட்டுக்கு ஓரடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார். தொலைக்காட்சியின் கேமரா பாடி வருபவரையே, அதாவது ரைடரையே துரத்தும். மண் களத்தின் ஓரத்தில் இருப்பவர் கண் கவரில் நிற்பவரின் காலில் இருக்கும். கார்னர்காரர் கணுக்காலைப் பிடித்த அதே நொடியில் பக்கத்திலிருக்கும் கவர் வந்து இடுப்பில் விழுந்தாக வேண்டும். அரை நொடி தாமதித்தால், பிடித்தவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ரைடர் நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். பிடித்தவரின் கணக்கில் தோல்வி எழுதப்படும், தப்பு கவருடையது. இந்த நுணுக்கம் எந்தப் புள்ளிப் பட்டியலிலும் ஏறாது. எடைப் பிரிவு ஆட்டங்களில் வளரும் பையன்களை வருடக்கணக்கில் பார்த்து வந்தவருக்கு, எவன் அழுத்தத்தில் நிதானமாக நிற்பான், எவன் மூன்றாவது ரைடில் அவசரப்பட்டு மாட்டிக்கொள்வான் என்பது தெரியும். பக்கத்து ஊர் அணி வெளியூரிலிருந்து கெஸ்ட் ப்ளேயரை இறக்கினால், அவன் எதற்காக வந்திருக்கிறான் என்று ஓரிரு ரைடுகளிலேயே சொல்லிவிடுவார்கள். தேர்வாளருக்கு இருக்க வேண்டிய கண் இதுதான்.

கிரிக்கெட்டிலும் இதற்குச் சேலம் மாவட்டமே சான்று. ஓமலூர் வட்டாரத்துச் சின்னப்பம்பட்டியில் தறித் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்த தங்கராசு நடராஜன், இருபது வயது வரை டென்னிஸ் பந்தில் ஆடியவர். அவர் பந்தின் குறியை முதலில் அறிந்தவர்கள் எந்தச் சங்கத்துத் தேர்வாளரும் அல்லர். ஊர்ப் போட்டிகளின் ஓரத்தில் நின்றவர்கள். அதே ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷ் அவரைச் சென்னைக்கு அனுப்பி, நான்காம் டிவிஷன் லீக்கில் சேர்த்துவிட்டார். 2015 தொடக்கத்தில் ரஞ்சி ஆடிய பின் பந்து வீசும் முறை குறித்து ஐயம் எழுந்து ஓராண்டு போனது. 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் திண்டுக்கல் டிராகன்ஸுக்காகச் சூப்பர் ஓவரில் ஆறு பந்தையும் யார்க்கராகப் போட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு அவர் பெயர் தெரிந்தது. ஊர்ப் பேச்சு ஐந்தாறு வருடம் முந்திக்கொண்டிருந்தது.

அதே நடராஜனின் ஏல வரலாற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் பேச்சின் குறையும் தெரியும். 2017 ஐபிஎல் ஏலத்தில் பத்து லட்சம் அடிப்படை விலையில் இருந்தவர் மூன்று கோடிக்குப் போனார். சேலமே கொண்டாடியது. பஞ்சாப் அணிக்கு அந்த வருடம் ஆடியது 6 ஆட்டம், எடுத்தது 2 விக்கெட். 2018-ல் ஹைதராபாத் அவரை 40 லட்சத்துக்கு எடுத்தபோது, “அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு” என்ற குரல் எழுந்தது. இரண்டு பருவம் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. 2020-ல் அதே 40 லட்சத்துக்காரர் 16 ஆட்டத்தில் 16 விக்கெட் எடுத்து, வலைப்பயிற்சிப் பந்து வீச்சாளராக ஆஸ்திரேலியா போய், ஒரே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். இந்தியர் எவரும் அதற்கு முன் அப்படிச் செய்ததில்லை. நான்கு கோடிக்கு ஆடிய காலத்தில் 2022-ல் 18, 2024-ல் 19 விக்கெட். அடுத்த ஏலத்தில் டெல்லி 10.75 கோடி கொடுத்தது. 2025 பருவத்தில் ஆடியது இரண்டே ஆட்டம், விக்கெட் இல்லை. பஞ்சாபும் டெல்லியும் பெரிய தொகை கொடுத்த வருடங்களில் ஆட்டம் சிறுத்தது. மலிவாகக் கிடந்த காலத்தில்தான் அவர் இந்திய அணிக்கே போனார். மூன்று கோடியைக் கொண்டாடியதும் நாற்பது லட்சத்தில் கைவிட்டதும் அவர் யார்க்கரைப் பல வருடமாகப் பார்த்திருந்த அதே ஆட்கள்தான் என்பது கசப்பான விஷயம்.

“கோடிக்கணக்கில் முதல் போடுகிறவனுக்குத் தெரியாததா டீக்கடைக்குத் தெரியும்? விலை என்பது நிபுணர்களின் மதிப்பீடு” என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்புதான், ஆனால் ஏலம் நடக்கும் விதத்தைப் பார்த்தால் அது நிற்காது. ஒவ்வோர் அணிக்கும் பணப்பை வரம்பு உண்டு. முதலில் பெரிய பெயர்கள் வரும்போது பை நிறைந்திருக்கும். கடைசியில் வருகிறவருக்குச் சில்லறைதான் மிஞ்சும். இடது கை வேகப் பந்து வீச்சாளர் தேவைப்படும் மூன்று அணிகள் ஒரே அறையில் இருந்தால் தொகை ஏறும். ஓர் அணி மட்டும் இருந்தால் அடிப்படை விலையில் முடியும். ஆள் ஒருவர்தான், திறமையும் ஒன்றுதான். நாமக்கல்லில் இதைப் புரியவைக்க மெனக்கெட வேண்டியதே இல்லை. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலை ஒன்று, வியாபாரி மைனஸ் போட்டுப் பண்ணையில் எடுக்கும் விலை இன்னொன்று என்பது கோழிப் பண்ணைக்காரர் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். அறிவித்த விலையை நம்பாத ஊர், ஆட்டக்காரர் விஷயத்தில் மட்டும் அதை வேதமாக எடுத்துக்கொள்கிறது.

கபடியில் இதற்கு இன்னும் கூர்மையான சான்று தமிழ் தலைவாஸ் அணி. 2017-ல் லீக்கில் சேர்ந்ததிலிருந்து முதல் நான்கு பருவமும் பட்டியலின் அடியிலோ அடியை ஒட்டியோதான் முடித்தது. 2022 ஆகஸ்டில் ரைடர் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தபோது, அதுவரை லீக்கில் எவருக்கும் கொடுக்கப்படாத தொகை அது. பேச்சு உச்சத்துக்குப் போனது. கோப்பையே வந்துவிட்டதைப் போல. முதல் ஆட்டத்தில் குஜராத்துக்கு எதிராகச் சில நிமிடங்களிலேயே முழங்காலில் அடிபட்டுப் பவன் வெளியேறினார்; பருவம் முழுக்கத் திரும்பவில்லை. கணக்குப்படி தலைவாஸ் அதோடு முடிந்திருக்க வேண்டும். நடந்ததோ, அந்த அணி முதன்முறையாகப் பிளே ஆஃபுக்குப் போனது, உ.பி. யோதாஸை டை பிரேக்கரில் வென்றது. அரையிறுதியில் புனேவிடம் இரண்டே புள்ளியில் தோற்றது. ஏல மேடைக்கே வராமல் இளம் ஆட்டக்காரர் திட்டத்தில் எடுக்கப்பட்ட நரேந்தர் அந்தப் பருவத்தில் 240 ரைடு புள்ளிகளுக்கு மேல் குவித்தார். கார்னரில் சாகர், சாஹில் குலியா என்று இளம் பிடிகாரர்கள். பருவத்தின் நடுவில் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றவர் அஷன் குமார். 2024-ல் மறுபடியும் அந்த ஏலத்தின் உச்சத் தொகை தலைவாஸுடையதுதான்: சச்சின் தன்வருக்கு 2.15 கோடி. அணி ஒன்பதாவதாக முடித்தது. 2025-ல் அதே பவனை அதே அணி 59.5 லட்சத்துக்கு எடுத்தது. மேலே சொன்ன கவர், கார்னர் ஒத்திசைவு எந்த ஏலத்திலும் விற்பனைக்கு வருவதில்லை. சேர்ந்து ஆடித்தான் வர வேண்டும். மண் களத்தின் ஓரத்தில் இருப்பவருக்கு இது பாடம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தும் 2.26 கோடி என்றதும் அதை மறந்தார்.

இந்தப் பேச்சில் தவறாமல் எழும் இன்னொரு கோரிக்கை, நம்ம பசங்களை எடுக்க வேண்டும் என்பது. தமிழ்ப் பெயர் தாங்கிய அணியில் ஹரியானாக்காரர்களே நிறைந்திருப்பது உறுத்துகிறது; அந்த உறுத்தலில் நியாயம் உண்டு. ஆனால் அதையும் தொகையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். சேலம் மாவட்டத்துக்காரரான கே. பிரபஞ்சன் தலைவாஸின் முதல் பருவத்தில் ஆடினார். பிறகு 38 லட்சத்துக்குக் குஜராத் போனார். அந்த அணி இறுதிப் போட்டிக்கு வந்தது. அடுத்த வருடம் 55.5 லட்சத்துக்கு வங்காளம். அந்த அணி 2019-ல் கோப்பையை வென்றது. 2021-ல் 71 லட்சத்துக்குத் தலைவாஸ் அவரைத் திரும்பக் கொண்டுவந்தது. ஊர் மகிழ்ந்தது, அணி பதினோராம் இடத்தில் முடித்தது. பிரபஞ்சன் மட்டும் மாறிவிட்டாரா? இரண்டாவது ரைடராக அவரைச் சரியாகப் பயன்படுத்திய அணிகளில் அவர் வென்றார். முழுப் பாரத்தையும் தோளில் ஏற்றிய இடத்தில் திணறினார் என்பதே என் கணிப்பு. ஆகவே நம்ம பையன் எடுக்கப்பட்டானா என்ற கேள்வி பாதிக் கேள்விதான். எந்த இடத்தில், யாருக்குத் துணையாக என்பது மீதிப் பாதி. 2022-ல் பவன் அடிபட்ட ஆட்டத்தில் எதிரே குஜராத்தின் தலைவராக நின்றவர் தமிழ்நாட்டுச் சந்திரன் ரஞ்சித். அவரைப் பற்றி நம் பேச்சில் எத்தனை நிமிடம் ஒதுக்கப்பட்டது?

பொழுதுபோக்குக்குப் பேசுகிறார்கள், இதற்கெல்லாம் தராசு தூக்குவானேன் என்றும் கேட்கலாம். பொழுதுபோக்கு என்பது உண்மைதான். ஆனால் ஒரு வட்டாரம் எதைப் பற்றிப் பேசுகிறதோ அங்கேதான் பணமும் பரிசும் பிளெக்ஸும் போகின்றன. ரைடரைப் பற்றியே பேசினால் பையன்களும் ரைடராகவே வளர ஆசைப்படுவார்கள். கார்னருக்கு ஆள் இல்லை என்று குறைபடும் அதே ஊர், போட்டிகளில் சிறந்த ரைடருக்குக் கொடுக்கும் கோப்பையின் உயரத்தையும் சிறந்த பிடிகாரருக்குக் கொடுப்பதன் உயரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

அமெரிக்காவில் ஆள் சேர்ப்பைப் பற்றிப் பேசும் இதே பழக்கம் வேறொரு படியில் தொடங்குகிறது. அங்கே கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர்கள் பள்ளியில் படிக்கும் பதினேழு வயதுப் பையன்களைப் பற்றி வருடம் முழுக்கப் பேசுகிறார்கள்: எவன் எந்தக் கல்லூரிக்குப் போகிறான், அவனுக்கு எத்தனை நட்சத்திரம் என்று. 2021 ஜூலை முதல் மாணவர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கவும் அனுமதி வந்த பிறகு அந்தப் பேச்சிலும் பணம் குடியேறிவிட்டது. நட்சத்திரக் கணக்கு பொய்த்த கதை அங்கும் உண்டு. புகழ்பெற்ற கூடைப்பந்து ஆட்டக்காரர் ஸ்டீபன் கரியின் தந்தை ஆடிய வர்ஜீனியா டெக் கல்லூரியே மகனுக்கு உதவித்தொகையோடு இடம் தர முன்வரவில்லை. டேவிட்சன் என்ற சிறிய கல்லூரிக்குப் போன அவர், 2008-ல் அந்த அணியைத் தேசியப் போட்டியின் கடைசி எட்டுக்குள் கொண்டுபோனார். இருந்தாலும் அந்த ரசிகர்களிடம் நாம் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. ஆட்டக்காரர் உருவாகும் படியை, அதாவது கல்லூரியை, அவர்கள் கவனிக்கிறார்கள். நாமோ அவர் விற்பனைக்கு வந்த நாளில்தான் விழித்துக்கொள்கிறோம்.

இத்தனைக்கும் ஆள் சேர்க்கும் கலை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவனைத் தேடிப்பிடித்து, கட்டணமில்லாமல் விடுதியில் வைத்துப் பன்னிரண்டாம் வகுப்பில் மாநில ரேங்க் எடுக்கவைத்த பள்ளிகளை நாமக்கல் நன்றாக அறியும். 2017-ல் அரசு ரேங்க் பட்டியலை நிறுத்தும்வரை எந்தப் பள்ளி யாரை இழுத்தது என்பது வீதிப் பேச்சாகவே இருந்தது. அதே பள்ளிகளில் விளையாட்டுப் பாடவேளை ஒன்பதாம் வகுப்போடு ஏறக்குறைய முடிந்துவிடும். அதைத் தாண்டியும் ஆட்டத்தை விடாத பையனுக்கு விளையாட்டு ஒதுக்கீடு ஒரு கதவு: பொறியியல் கலந்தாய்வில் 500 இடம், கலைக் கல்லூரிகளில் கட்டணச் சலுகையும் விடுதிச் சாப்பாடும், பிறகு அரசு வேலையில் 3 விழுக்காடு. காவல்துறை, ரயில்வே, வங்கி அணிகளுக்குப் போகும் பாதையில் கல்லூரி முக்கியமான படி. ஒவ்வொரு ஜூனிலும் உடற்கல்வி இயக்குநர்கள் பையன்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்தக் கல்லூரி யாரை எடுத்தது, அங்கே மேட் இருக்கிறதா, முழங்கால் போனால் வைத்தியச் செலவு யாருடையது, மூன்று வருடத்தில் அவன் பட்டம் வாங்கி வெளியே வந்தானா என்பவை டீக்கடைப் பேச்சில் வருவதே இல்லை. பெரியார் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையேயான கபடி முடிவு செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் நாலு வரியாக வந்து போகும்.

பதினேழு வயதுப் பையன் மீது இப்படிக் கண் பதிப்பது அவனுக்குச் சுமையாகாதா என்ற தயக்கம் எனக்கும் உண்டு. அமெரிக்கா அந்தச் சுமையை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் பையனுக்கு நட்சத்திரம் போடுவது வேறு; அவனைச் சேர்த்துக்கொண்ட நிறுவனத்திடம் கேள்வி கேட்பது வேறு. சுமை ஏற வேண்டியது இரண்டாவது இடத்தில். அணி உரிமையாளரை நோக்கி, “கார்னருக்கு ஆள் எங்கே?” என்று வருடாவருடம் கேட்கத் துணியும் குரல், உள்ளூர்க் கல்லூரியின் விளையாட்டுத் துறையை நோக்கி, “போன வருசம் எடுத்த பசங்க இப்ப எங்கீங்க?” என்று கேட்கத் தயங்கக் காரணமே இல்லை. அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் ஏலத்தன்று தொகையைப் பார்த்து மிரளவும் மாட்டார்கள். அந்தப் பையன் எத்தனை வருடம், யாரோடு சேர்ந்து, எந்தக் களத்தில் ஆடினான் என்பது அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும். 2023-ல் சின்னப்பம்பட்டியில் நடராஜன் சொந்தப் பணத்தில் ஒரு கிரிக்கெட் மைதானம் திறந்தார். ஏலத் தொகை ஊருக்குத் திரும்பி வந்த வழி அது. அங்கே பந்து வீசுகிற பையன்கள் பெயரை அவர் ஊர்க்காரர்கள் இப்போதே சொல்லக்கூடும். சொல்லட்டும், 40 லட்சமோ நான்கு கோடியோ என்று எவரோ விலை சொல்வதற்கு முன்னால்.