பொருத்தம் பார்க்காத தையல் வகுப்பு

‘மூன்று மாதத்தில் தையல் பயிற்சி, சான்றிதழ் உண்டு’ என்ற பலகை தொங்காத கடைத்தெரு தமிழ்நாட்டில் குறைவு. சேர வருகிறவர்களில் ஒரு பகுதியினர் பிழைப்புக்காக வருகிறார்கள். தகுதி உள்ளவர்கள் சான்றிதழைக் காட்டி, சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவசத் தையல் இயந்திரத்துக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டு வாசலில் ஒரு போர்டும் மாட்டலாம். இன்னொரு பகுதியினருக்கு அந்த எண்ணமே கிடையாது. தங்கள் ரவிக்கையை, சுடிதாரை, பிள்ளைகளின் பாவாடை சட்டையைத் தாங்களே தைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இவர்களுக்கு நம் பயிற்சி முறை எதைத் தருகிறது, எதைத் தராமல் விடுகிறது?

முதலில் காசுக் கணக்கு. அது சீக்கிரம் முடிந்துவிடும். நம் துணியை நாமே தைத்தால் மிச்சம் என்ற பேச்சு ரவிக்கைக்கோ சுடிதாருக்கோ செல்லாது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலை துணியை மொத்தமாக வாங்குகிறது. நாம் மீட்டர் கணக்கில் சில்லறை விலைக்கு வாங்குகிறோம். அங்கே பல அளவுகளின் பாகங்களை இண்டு இடுக்கில்லாமல் நெருக்கிப் போட்டு, அடுக்கடுக்காக விரித்த துணியை ஒரே வெட்டில் வெட்டுகிறார்கள். வீட்டில் ஒரு குர்த்தி வெட்டினால் ஓரத்தில் விழும் துண்டு ஒன்றுக்கும் ஆகாமல் பையில் சேர்கிறது. இருந்தாலும் கணக்கை உண்மையில் கவிழ்ப்பது தெருத் தையற்காரரின் கூலிதான். புதிதாகக் கற்றவர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து தைக்கும் ரவிக்கையை அடுத்த தெருப் பெண் லைனிங்கோடு சில நூறு ரூபாய்க்குத் தைத்துத் தருகிறார். (இதில் மகிழ ஒன்றுமில்லை. அந்தக் கூலி ஏறாததற்கு, இதே பயிற்சி நிலையங்களிலிருந்து வெளிவரும் பெண்கள் இதே தெருக்களில் ஒருவரோடொருவர் போட்டி போடுவதும் ஒரு காரணம்.) உள்பாவாடை, தலையணை உறை, புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பது ஆகியவற்றில் மட்டும் கொஞ்சம் மிஞ்சும்.

ஆக, நிற்கும் ஒரே வலுவான காரணம் பொருத்தம். கடையில் தொங்கும் சட்டை யாருக்கென்று வெட்டப்பட்டது? இந்தியாவில் புழங்கும் அளவு அட்டவணைகளில் பெரும்பாலானவை அமெரிக்க, பிரிட்டிஷ் அட்டவணைகளைக் கொஞ்சம் திருத்தி எடுத்தவை. நமக்கென்று ஒன்று வேண்டும் என்றுதான் நிஃப்ட் எனப்படும் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் ‘இந்தியா சைஸ்’ திட்டத்தை எடுத்தது. ஆறு நகரங்களில் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரால் அளப்பது அதன் நோக்கம். நல்ல முயற்சி. ஆனால் அதிலிருந்து வருவதும் சராசரிதான். தோள் சரிந்தவர், ஒரு பக்க மார்பை அறுவை சிகிச்சையில் இழந்தவர், முதுகு வளையத் தொடங்கிய அறுபது வயதுக்காரர் ஆகியோருக்கு ‘எம்’மும் ‘எல்’லும் எந்தக் காலத்திலும் பொருந்தப் போவதில்லை. தானே தைக்கக் கற்பதற்கு இவர்களைவிட நியாயமுள்ளவர்கள் யார்?

தமிழ்ப் பெண்ணுக்கு இங்கே கூடுதலாக ஒரு சிக்கல். மேலை நாடுகளில் புதிதாகத் தைப்பவர் இடுப்பில் எலாஸ்டிக் வைத்த பாவாடையிலோ தொளதொளப்பான மேற்சட்டையிலோ தொடங்குவார். அரை இஞ்ச் பிசகினால் யாருக்கும் தெரியாது. நம்மவர் முதலில் தைக்க ஆசைப்படுவது ரவிக்கையை. அது உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும். பஸ் கம்பியைப் பிடிக்கக் கை தூக்கினால் கக்கத்தில் கிழியக் கூடாது. டூ பை டூ ரூபியாவோ பட்டோ இழுத்தால் கொடுக்கிற துணி அல்ல. நெய்த துணி நீள நூலிலும் குறுக்கு நூலிலும் விறைப்பாக நிற்கும், கோணவாக்கில் இழுத்தால் மட்டும் இளகும். கிராஸ் கட் ரவிக்கை உடம்பில் படிந்து உட்காருவது இதனால்தான். இந்தக் காரணத்தைச் சொல்லித் தரும் வகுப்புகள் சிலவே. ‘கிராஸாகப் போட்டு வெட்டு’ என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது.

கையைப் பழக்குவதில் குறை சொல்ல முடியாது. நூல் கோக்காத ஊசியைக் கோடு போட்ட காகிதத்தில் ஓட்டுவது, கால் மிஷினின் சக்கரம் பின்பக்கம் சுற்றி நூலை அறுக்காமல் மிதிக்கப் பழகுவது, பாபினில் நூல் சுற்றி டென்ஷன் சரிபார்ப்பது, பிறகு டக், பிளீட், காஜா, ஹெம்மிங் என்று சின்னச் சின்னத் துணியில் தைத்து நோட்டில் ஒட்டுவது எல்லாமே காலத்தால் பழுத்த வரிசை. ஒழுங்காகச் செய்தவர் சில வாரங்களில் நேர்த் தையல் ஓட்டிவிடுவார்.

கோணல் தொடங்குவது கட்டிங்கில். மார்புச் சுற்றளவை நான்கால் வகு, இவ்வளவு சேர், தோளுக்கு இவ்வளவு, கைக்குழிக்கு இவ்வளவு என்று ஒரு வாய்ப்பாடு கரும்பலகையில் ஏறுகிறது. ஆளுக்கு ஆள், நிலையத்துக்கு நிலையம் வாய்ப்பாடு மாறும். இதுதான் சரி என்று ஒவ்வொருவரும் சத்தியம் செய்வார்கள். மார்பு 36 இஞ்ச் உள்ள இரண்டு பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு முதுகு அகலம், மார்பு சிறியது. இன்னொருவருக்கு முதுகு ஒடுக்கம், மார்பு பெரியது. நான்கால் வகுத்தால் இருவருக்கும் 9 இஞ்ச்தான் வரும். முதலாமவருக்கு முன்பக்கம் தொங்கும், முதுகு பிடிக்கும். இரண்டாமவருக்கு நேர் எதிர். இருவரும் தங்களுக்குக் கை வரவில்லை என்று நினைத்து மிஷின்மேல் போர்வையைப் போட்டு மூடிவிடுகிறார்கள். பிழை அவர்கள் கையில் இல்லை, வாய்ப்பாட்டில் இருக்கிறது. வாய்ப்பாடு வேண்டாம் என்பதல்ல. எங்கிருந்தாவது தொடங்கத்தானே வேண்டும். வெட்டியதைப் போட்டுப் பார்த்து, எந்தச் சுருக்கம் எந்தக் குறையைக் காட்டுகிறது என்று படித்து, தாளிலேயே திருத்திவிட்டு மறுபடி வெட்டுவதுதான் பாடத்தின் மறுபாதி. அந்த மறுபாதி நம் வகுப்புகளில் அனேகமாக இல்லை.

இந்தக் குறையை நம் ஊர் மறைத்து வைத்திருப்பது அளவு ரவிக்கையால். சரியாக உட்கார்ந்த பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுத்து ‘இதே மாதிரி’ என்றால் போதும், இஞ்ச் டேப்புக்கு வேலையில்லை. தையற்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் இது சௌகரியமான ஏற்பாடு, அதன் புத்திசாலித்தனத்தை மறுக்க முடியாது: ஒரு முறை கண்டுபிடித்த பொருத்தம் கை மாறிக் கை மாறி வாழ்கிறது. ஆனால் உடம்பு மாறிக்கொண்டே இருக்கிறது, அளவு ரவிக்கை மாறுவதில்லை. முதல் பிரசவத்துக்கு முன் தைத்ததை வைத்துப் பத்து வருஷம் நகல் எடுத்தவர்கள் உண்டு. அந்த நகலைத் தானே எடுக்கக் கற்பதைத்தான் பலர் ‘தைக்கத் தெரியும்’ என்கிறார்கள்.

இயந்திரத்தைப் பற்றிய மயக்கத்தையும் இங்கே பார்க்க வேண்டும். 1924இல் தில்லியில் காந்தியைச் சந்தித்த ஜி. ராமச்சந்திரன் (பிற்பாடு தம் மனைவி சௌந்தரம் அம்மையாரோடு சேர்ந்து சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்), எல்லா இயந்திரங்களுக்கும் நீங்கள் எதிரியா என்று கேட்டார். காந்தி விதிவிலக்காகக் காட்டியது சிங்கர் தையல் இயந்திரத்தை. மனைவி கையால் தைத்துத் தைத்து அலுப்பதைக் கண்டு, அவள்மேல் இருந்த அன்பால் சிங்கர் அதைச் செய்தார் என்பது காந்தி நம்பிய கதை. ஐசக் சிங்கர் அப்படிப்பட்டவர் அல்ல. பிறர் செய்திருந்த கருவியைத் திருத்தி 1851இல் காப்புரிமை வாங்கிய கெட்டிக்கார வியாபாரி; ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களை நடத்தியவர். கதை கிடக்கட்டும். அந்த இயந்திரம் மிச்சப்படுத்துவது தையல் ஓட்டும் நேரத்தை. புதிதாகத் தைப்பவரின் நேரம் அங்கே போவதே இல்லை. துணியை நனைத்துக் காயவைப்பது, அளப்பது, வரைவது, வெட்டத் தயங்குவது, தைத்ததைப் பிரிப்பது, கொக்கி வைத்து ஹெம்மிங் செய்வது என்று எல்லாம் கையிலும் கண்ணிலும்தான் நடக்கிறது. மோட்டார் வைத்த, நாற்பது விதத் தையல் போடும் மிஷினை வாங்கியவர் இதில் ஒரு நிமிடத்தையும் குறைத்துவிட முடியாது. கற்கத் தொடங்குகிறவருக்கு நேர்த் தையல் மட்டும் போடும் பழைய கால் மிஷினே போதும். மிச்சப் பணத்தில் கூர்மையான கத்தரி ஒன்று வாங்கலாம்.

யூடியூப் வந்தபின் வகுப்பு எதற்கு என்கிறார்கள். நிறுத்தி, திருப்பிப் போட்டுப் பார்க்கலாம் என்பது பெரிய வசதிதான். ஆனால் வீடியோவும் அதே வாய்ப்பாட்டைத்தான் சொல்கிறது. உங்கள் முதுகு அதற்குத் தெரியாது.

இன்னொரு பேச்சும் அடிக்கடி காதில் விழுகிறது: பாட்டிகளின் கைவேலையை நாம் தொலைத்துவிட்டோமாம். எந்தப் பாட்டி? புடவையும் வேட்டியும் தைக்காத துணிகள். தைத்த மேலாடை பெரும்பாலான தமிழ் வீடுகளுக்குள் வந்தது கடந்த இரண்டு நூற்றாண்டுகளில்தான். நாகர்கோவில் வட்டாரத்தில் மிஷன் பள்ளிகளில் பெண்கள் தைக்கவும் லேஸ் பின்னவும் கற்றார்கள். அதே வட்டாரத்தில் நாடார் பெண்கள் குப்பாயம் என்ற மேற்சட்டை போட்டதற்காக அடிபட்டார்கள்; நாடார் பெண்கள் எல்லோருக்குமான திருவிதாங்கூர் அரசின் அனுமதி அறிவிப்பு 1859இல்தான் வந்தது. ரவிக்கையின் கதையில் ஏக்கத்தைவிடப் போராட்டம் அதிகம்.

நம் ஊர்த் தையலில் மெச்சத்தக்கதாக நான் கருதுவது வேறொன்று, அது ரவிக்கையின் உள்பக்கத்தில் இருக்கிறது. பக்கத் தையலுக்கு உள்ளே ஓர் இஞ்ச், ஒன்றரை இஞ்ச் துணி விட்டு, இரண்டு மூன்று வரிசை தையல் போட்டிருப்பார்கள். உடம்பு பருத்தால் ஒரு வரிசையைப் பிரித்துவிடலாம், இளைத்தால் மறுபடி பிடித்துக்கொள்ளலாம். உடம்பு மாறும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு தைத்த உடை அது. ஓவர்லாக் அடித்து ஓரத்தை ஒட்ட நறுக்கிவிட்ட ஆயத்தச் சட்டையில் இந்த இடமே கிடையாது.

கற்பவரும் அங்கிருந்தே தொடங்கலாம் என்பது என் கட்சி. புதுத் துணியை வெட்டுவதற்கு முன், தன்னிடம் உள்ள பொருந்தாத ரவிக்கைகளைப் பிரித்துப் பிடிக்கட்டும். தோளை அரை இஞ்ச் ஏற்றினால் கைக்குழி என்னவாகிறது, டக்கைக் கொஞ்சம் இறக்கினால் மார்பு எப்படி உட்காருகிறது என்பதை ஏற்கெனவே தைத்த உடையில் கற்றவருக்கு வாய்ப்பாட்டின் ஒவ்வொரு எண்ணும் எதற்கு என்று புரியும். செலவும் இல்லை, பிசகினால் நஷ்டமும் இல்லை. பனியன் துணிக்கு இந்தப் பாடம் உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். திருப்பூர்ப் பின்னலாடை இழுபடும், சாதாரண மிஷினின் நேர்த் தையல் இழுபடாது. தலையில் மாட்டும்போதே நூல் அறும். அதைக் கடையிலேயே வாங்கிக்கொள்வது நல்லது.

போட்டுப் பார்த்துத் திருத்துவதில் தனியாகத் தைப்பவர் கட்டாயம் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: தன் முதுகில் தானே குண்டூசி குத்த முடியாது. வீட்டில் இதற்கு ஆள் கிடைப்பது அரிது. பயிற்சி நிலையத்தில் பத்துப் பெண்கள் ஒரே அறையில் இருக்கிறார்கள், பத்து விதமான உடம்புகளோடு. ஒருவர் மற்றவரின் முதுகைப் பார்த்துப் பிடித்துக் கொடுத்தால் ஒரே வாரத்தில் பத்துப் பொருத்தங்களைக் கற்றுவிடலாம். வகுப்புக்குக் கட்டணம் கட்டுவதற்கு நியாயமான காரணம் இதுவாகத்தான் இருக்க முடியும். நடைமுறையில் பத்துப் பேரும் சுவரைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்து, கரும்பலகை அளவுக்கு வெட்டிய, யாரும் போடப் போகாத ரவிக்கையைத் தைக்கிறார்கள். அந்த அறைக்கு முதலில் தேவை ஓர் ஆளுயரக் கண்ணாடியும், மறைவாக நின்று போட்டுப் பார்க்க ஒரு திரைச்சீலையும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு புது மிஷின் விலைகூட ஆகாது.