வீட்டுப் பெயரில் ஒரு கவிஞர்

கல்லங்குறிச்சியில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டை இடிப்பதா, வைப்பதா என்று ஆறு மாதமாகப் பேச்சு ஓடுகிறது. "ஓடு மாத்தியே காசு கரையுதுடா, இடிச்சிட்டு மாடி கட்டிருவோம்" என்பது சித்தப்பா கட்சி. வைக்கணும் என்பது என் கட்சி. என் பக்கத்துக்கு ஆள் சேர்க்கத்தான், குடும்ப வீட்டோடு பெயர் சேர்ந்த எழுத்தாளர்களைப் பற்றிக் குறிப்பெடுக்க ஆரம்பித்தேன்.

தமிழில் தேடினால் மனசு கனக்கிறது. சிறுவயதில் எங்கள் அரியலூரில் தமிழ் படித்த உ.வே.சா., பின்னாளில் திருவல்லிக்கேணியில் சொந்தமாக்கிக்கொண்ட வீடு 'தியாகராச விலாசம்'. அது 2012இல் இடிக்கப்பட்டது. சரி, பாலக்காட்டுப் பக்கம் பார்ப்போம் என்று போனபோது கிடைத்தவர்தான் மலையாளக் கவிஞர் ஒளப்பமண்ண (1923–2000).

இயற்பெயர் சுப்பிரமணியன் நம்பூதிரிப்பாடு. செர்ப்புளச்சேரிக்குப் பக்கத்தில், குந்திப்புழைக் கரையிலுள்ள வெள்ளிநேழி கிராமத்துப் பெரிய ஜன்மி குடும்பம். அவர் பிறந்தபோது அந்தப் பகுதியும் நம்மைப் போல சென்னை மாகாணம்தான். அவர்கள் மனையில் கதகளிக் களரி இருந்தது. பட்டிக்காந்தொடி ராவுண்ணி மேனோன் அங்கே பயிற்சி கொடுத்தார். இன்று நாம் பார்க்கும் 'கல்லுவழி' பாணிக் கதகளி உருவானதில் அந்த முற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கவிஞரும் பிறகு கேரள கலாமண்டலத்தின் தலைவராக இருந்தார். 'நிழலான' தொகுப்புக்கு 1989இல் சாகித்ய அகாதமி விருது. மனை இன்றும் நிற்கிறது. குடும்பத்தார் அதைக் காத்துவருகிறார்கள்.

இதுவரை என் கட்சிக்கு வசதியாகத்தான் இருந்தது. சிக்கல் அவர் கவிதையில் வந்தது.

1967இல் வந்த 'நங்ஙேமக்குட்டி' ஒரு கதைக்கவிதை. பாலக்காட்டு நண்பர் ஒருவர் வரிவரியாகச் சொல்லித்தர, தட்டுத்தடுமாறிப் படித்தேன். கல்யாணத்துக்கு முன்பே கருவுற்ற ஒரு நம்பூதிரிப் பெண்ணைச் சொந்தச் சமூகமே தள்ளிவைக்கும் கதை. நம்பூதிரிகளிடம் 'ஸ்மார்த்தவிசாரம்' என்றொரு விசாரணை முறை இருந்தது. தவறியதாகச் சந்தேகிக்கப்படும் பெண்ணைத் தனியே அடைத்துவைத்து நாள்கணக்கில் கேள்வி கேட்பார்கள். குற்றம் உறுதியானால் உயிரோடு இருப்பவளுக்கே சாவுச் சடங்கு செய்து வெளியேற்றுவார்கள். 1905இல் குறியேடத்து தாத்ரி வழக்கு கேரளத்தையே உலுக்கியது. ஒளப்பமண்ண எழுதியது இந்தப் பின்னணியில்.

இதில் என்னை நிறுத்திய விஷயம் அவருடைய புனைபெயர். ஒளப்பமண்ண என்பது அவர் வீட்டுப் பெயர். அப்படியானால், மனைகளுக்குள் நடந்த கொடுமையைச் சொல்லும் கவிதைக்குக் கீழே ஒரு மனையின் பெயரே கையெழுத்தாக நிற்கிறது! புரட்சிப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியாள் மாதிரி எழுதியிருக்கலாம். அவர் செய்யவில்லை. வீட்டுப் பெயரைச் சுமந்துகொண்டே எழுதினார். அவருடைய நேர்மையாக நான் பார்ப்பது இதைத்தான்.

குறையும் சொல்லணும். களரிக்குச் சோறு போட்டது குத்தகைக்காரர் அளந்த நெல். நிலச்சீர்திருத்தச் சட்டம் 1970இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அந்தக் கணக்கு தீர ஆரம்பித்தது. 'நங்ஙேமக்குட்டி'யின் மையம் அகத்துப் பெண்தான், வயலில் நின்றவர்கள் இல்லை. வீட்டுக்குள்ளிருந்து பார்க்கிறவருக்குத் தெரிவது அவ்வளவுதான் போல.

படித்து முடித்ததும் என் கைபேசியைத் திறந்து பார்த்தேன். எங்கள் வீட்டை நாற்பது படம் எடுத்து வைத்திருக்கிறேன். திண்ணை, தேக்குத் தூண், நெற்குதிர் எல்லாம் இருக்கிறது. கொல்லைப்புறத்துச் சின்ன அறை மட்டும் ஒரு படத்தில்கூட இல்லை. இருபத்திரண்டு வயதில் தாலியறுத்த அத்தையை நாங்கள் சாகும்வரை வைத்திருந்த அறை அது. கல்யாணம் காட்சிக்கு அவரை முன்கட்டுக்கு வரவிட்டதில்லை.

இப்போதும் வீட்டை வைக்கணும் என்றுதான் சொல்கிறேன். ஆனால் தேக்குத் தூணுக்காக வைக்கணும் என்று இனி வாதாட முடியாது. போன ஞாயிறு சித்தப்பாவிடம், முதலில் அந்த அறையைச் சரிசெய்யலாம் என்றேன்.

"அந்த ரூமா? அதுல என்னடா இருக்கு?" என்றார்.