பேர்ல் துறைமுகமும் பிராங்கேயின் சாட்சிகளும்

எதிரியிடமே போய்க் கேட்டார் என்பதுதான் வரலாற்றாசிரியர் கார்டன் பிராங்கேயின் முதற்பெருமை. 1941 டிசம்பர் 7 காலை ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியதில் 2,403 அமெரிக்கர்கள் மாண்டார்கள். அமெரிக்காவில் விசாரணைக்கு மேல் விசாரணை நடந்தது. நம்மில் யார் தவறினார் என்பதே அவற்றின் கேள்வி. மேரிலாந்து பல்கலைக்கழகப் பேராசிரியரான பிராங்கே, போருக்குப்பின் டோக்கியோவில் அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் தலைமையகத்தின் வரலாற்றுப் பிரிவில் இருந்தவர். தாக்குதலுக்குத் திட்டம் வகுத்த கெண்டா மினோருவையும், விமானங்களை வழிநடத்திய புச்சிதா மிட்சுவோவையும் அவர் திரும்பத் திரும்பச் சந்தித்தார். இந்த ஒரு காலைக்காக அவர் செலவிட்டது 37 ஆண்டுகள்.

அந்த உழைப்பு வீண்போகவில்லை. அவருடைய நூலில், ஆழம் குறைந்த துறைமுகத்தில் டார்பிடோ சேற்றில் குத்திவிடக் கூடாதென்று மரச் சிறகுகள் பொருத்திப் பார்த்ததையும், ககோஷிமா விரிகுடாவில் விமானிகள் அபாயகரமாகத் தாழப் பறந்து பழகியதையும் படிக்கும்போது, இது மாதக்கணக்கில் மனிதர்கள் பாடுபட்டுச் செய்த வேலை என்பது உறைக்கிறது. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் எல்லாம் தெரிந்தே விட்டுவிட்டார் என்ற சதிக்கதைக்கு இதைவிட வலுவான மறுப்பு இல்லை. எதிராளியின் திறமையைக் கணக்கில் சேர்க்காததால்தான் அந்தக் கதைக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு துரோகி தேவைப்பட்டது.

ஆனால் பேட்டி கொடுக்க உயிரோடு இருக்க வேண்டும். ஜப்பானியக் கடற்படைத் தளபதி யமமோட்டோ 1943-இல் போனார், தாக்குதல் படைக்குத் தலைமை தாங்கிய நகுமோ 1944-இல் சைபனில் இறந்தார். தாக்குதலைத் தொடரும்படி தாம் மன்றாடியதாகவும் நகுமோ மறுத்ததாகவும் புச்சிதா சொன்னதற்குப் பதில் சொல்ல நகுமோ இல்லை. பிற்கால ஆய்வாளர்கள் பலர் இந்தக் கதையை ஏற்கவில்லை. பின்னர் நடந்த மிட்வே கடற்சண்டையில் ஜப்பானியக் கப்பல்தளங்களில் தாக்குதல் விமானங்கள் புறப்படத் தயாராக நின்றன என்று புச்சிதா எழுதியதும் பிராங்கேயின் மிட்வே நூலில் இடம்பெற்றது. அந்தக் காலை முழுக்கத் தளத்தில் காவல் விமானங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்ததை ஜப்பானிய ஆவணங்களைக் கொண்டு ஆய்வாளர்கள் பார்ஷலும் டல்லியும் 2005-இல் நிறுவினார்கள்; எனவே தாக்குதல் விமானங்கள் அங்கே தயாராக நின்றிருக்க முடியாது. நேரில் நின்றவர் என்பதாலேயே ஒருவர் சொல்வதை நம்பிவிடும் பலவீனம் பிராங்கேயின் முறைக்குள்ளேயே இருந்தது. பழகப் பழக அது கூடியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

இன்னொரு குறை, நூலை அவர் முடிக்கவே இல்லை என்பது. ஆய்வாளர் ராபர்ட்டா வோல்ஸ்டெட்டர் அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணைப் பதிவுகளை வைத்தே 1962-இல் ஒரு விளக்கம் தந்துவிட்டார்: எச்சரிக்கைகள் வந்தன, பொருளற்ற தகவல்களின் இரைச்சலில் அமுங்கின. பிராங்கேயிடம் அதைவிடப் பன்மடங்கு செய்திகள் இருந்தன. ஆனால் அவற்றைக் கோக்கும் இப்படியொரு கூர்மையான கருத்து இல்லை. 1980-இல் அவர் இறந்தபோது ஆயிரக்கணக்கான பக்கக் கைப்பிரதி மிஞ்சியது. தொகுப்பாளர்கள் கோல்ட்ஸ்டைனும் டில்லனும் அதைச் சுருக்கி, ‘அட் டான் வி ஸ்லெப்ட்’ என்று 1981-இல் வெளியிட்டார்கள். எது ஆசிரியரின் முடிவான கருத்து, எது தொகுத்தவர்களின் தேர்வு என்று வாசகரால் பிரித்தறிய முடிவதில்லை.

இத்தனைக்குப் பிறகும், பேர்ல் துறைமுகம் பற்றி ஒரே நூல் கேட்டால் ‘அட் டான் வி ஸ்லெப்ட்’டைத்தான் சொல்வேன். ஆனால் புச்சிதா பேசும் பக்கங்களைப் படிக்கும்போது பார்ஷலும் டல்லியும் எழுதிய மிட்வே நூலான ‘ஷாட்டர்ட் ஸ்வோர்டை’ அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.