கல்தூன் என்னும் மூதாதை

இப்னு கல்தூனை (1332–1406) 'முகத்திமா'வின் ஆசிரியராகவே நாம் அறிவோம். 1951இல் கெய்ரோவில் முஹம்மது இப்னு தாவீத் அத்தன்ஜீ பதிப்பித்து வெளியிட்ட அவருடைய தன்வரலாறாகிய 'அத்தஃரீஃப்' நம்மிடையே அதிகம் பேசப்படவில்லை. அதன் தொடக்கப் பக்கங்கள், குடும்ப வரலாறு எழுத முனைவோர் அனைவரும் படிக்க வேண்டியவை.

தம்மிலிருந்து கல்தூன் வரை பத்து முன்னோரின் பெயர்களை அவர் தருகிறார். தந்துவிட்டு, அந்தப் பட்டியலைத் தாமே ஐயுறுகிறார். ஸ்பெயின் வெற்றியின்போது அந்தலுஸில் நுழைந்தவர் கல்தூன் என்றால் இடைப்பட்ட காலம் 700 ஆண்டுகள். நூற்றாண்டுக்கு மூன்று தலைமுறை எனக் கொண்டால் ஏறத்தாழ இருபது பெயர்கள் வேண்டும். எனவே பாதிப் பெயர்கள் விடுபட்டிருக்க வேண்டும் என்கிறார். அந்தப் பத்தில் ஐந்து பேர் முஹம்மதுகள். அவர்களில் மூவர் அடுத்தடுத்து வருகின்றனர். பெயர்கள் எவ்வளவு எளிதில் நழுவியிருக்கும்! ஆண்டுக் கணக்கே இல்லாமல் நாற்பது பெயர்களை அடுக்கி அரபகம் வரை சென்றுவிடும் நம்மூர் வமிசாவளிகளுக்கு இந்தக் கணக்கைப் பொருத்திப் பார்க்கலாம்.

குடும்பப் பெயரின் பிறப்பும் சுவையானது. முன்னோரின் இயற்பெயர் காலித். ஸைதூன், ஹஃப்ஸூன், அப்தூன் என்பன போல, அந்தலுஸின் வழக்கப்படி 'ஊன்' விகுதி ஏறிக் காலித் கல்தூனானார். ஆகவே அப்பெயரின் ஓசையில் ஒலிப்பது அந்தலுஸ். குடும்பம் உரிமை கோரியதோ ஹள்ரமௌத்.

கல்தூனுக்கு மேலே, நபித்தோழர் வாஇல் இப்னு ஹுஜ்ர் வரையிலான தொடருக்கு இப்னு ஹஸ்மையே அவர் ஆதாரமாகக் கொள்கிறார். கீழ்ப்பகுதியில் காட்டிய கண்டிப்பு இங்கே தளர்ந்துவிடுகிறது. வமிசம் என்பது மெய்மையற்ற ஒரு கற்பிதம், அதனால் விளையும் பிணைப்பே அதன் பயன் என்று முகத்திமாவில் எழுதியவர் அவரே. எகிப்திய வரலாற்றாசிரியர் முஹம்மது அப்துல்லாஹ் இனான் இந்த அரபு வமிசத்தையே ஐயுற்றார். ஐயம் நியாயமானதே, ஆயினும் பர்பரிய மூலத்தை நிறுவ அது மட்டும் போதாது.

ஸெவில் நகரில் இக்குடும்பம் இருந்ததில் ஐயமில்லை. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே கிளர்ச்சி செய்த குறைப் இப்னு கல்தூன் இந்த வீட்டார். 1248இல் நகரம் வீழ்வதற்கு முன்பே குடும்பம் ஸப்தாவுக்கும், பின்னர் தூனிஸுக்கும் பெயர்ந்தது. ஹிஜ்ரி 765இல் (1363–64) கிரனாடா சுல்தானின் தூதராக இப்னு கல்தூன் ஸெவில் சென்றபோது, தம்மிடம் தங்கிவிட்டால் மூதாதையரின் சொத்துகளைத் திருப்பித் தருவதாக மன்னர் பெத்ரோ கூறினார். அவர் மறுத்துவிட்டார். 'அல்ஹள்ரமீ' என்ற அடைமொழியை மட்டும் இறுதிவரை விடவில்லை.