பத்து விநாடிக்கு ஆறு அடி

கேமராவைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். அண்ணன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "டம்மி எங்க தம்பி?" என்றார்.

வடபழனிக்காரர். முப்பது வருஷம் ஃபோகஸ் புல்லராக இருந்து ஓய்வு பெற்றவர். டம்மி என்பது வெளிச்சம் பட்டுக் கெட்டுப்போன பிலிம். படம் எடுக்க உதவாது, கேமராவை ஓட்டிப் பார்க்க மட்டும் உதவும். என்னிடம் இல்லை என்றேன். "டம்மி ஓட்டிப் பாக்காமலா காசு குடுத்துட்டு வந்த?" என்று கேட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

நான் வாங்கியிருந்தது க்ராஸ்னகோர்ஸ்க்-3. சுருக்கமாக கே-3. சோவியத் காலத்து 16 எம்.எம். பிலிம் கேமரா. மாஸ்கோவை ஒட்டிய க்ராஸ்னகோர்ஸ்க் நகரில், ஜெனித் ஸ்டில் கேமராக்களைச் செய்த அதே தொழிற்சாலையில் 1971 முதல் 1993 வரை தயாரானது. ஒரு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளியிருக்கிறார்கள். அதனால்தான் இன்றைக்கும் கைக்கு எட்டுகிறது. சீரியல் எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் தயாரான வருஷத்தைச் சொல்லும். என்னுடையது 87-இல் தொடங்குகிறது. விலை, சுமாரான ஒரு ஸ்மார்ட்போன் அளவு. விற்றவர் கொடுத்த விவரம் ஒரே வரிதான்: நன்றாக ஓடுகிறது.

ஓடியது என்னவோ உண்மை. சாவி கொடுத்து பட்டனை அழுத்தினால் தையல் மெஷின் போலக் கடகடவென்று சத்தம் வந்தது. நானும் மயங்கிவிட்டேன். ஆனால் காலியாக ஓடுவது வேறு, பிலிமை இழுத்துக்கொண்டு ஓடுவது வேறு. முதல் சுருளைக் கழுவி ஸ்கேன் செய்து வாங்கியபோது அது புரிந்தது. அக்கா மகள் கடற்கரையில் ஓடுகிறாள். வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு, சுருளின் முதல் ஃப்ரேமிலிருந்து கடைசி ஃப்ரேம் வரை அசையாமல் நிற்கிறது. போதாக்குறைக்கு ஒவ்வொரு ஷாட்டின் முடிவிலும் அவள் பழைய ஊமைப்படம் போல வேகமெடுக்கிறாள். அவள் வேகமாக ஓடவில்லை; ஸ்பிரிங் தளர்ந்து கேமரா மெதுவாகிவிட்டது. விநாடிக்கு 24 ஃப்ரேம் பதிவாக வேண்டிய இடத்தில் 20 பதிவானால், திரையில் 24-ஆக ஓட்டும்போது எல்லாரும் அவசரக்காரர்களாகத்தான் தெரிவார்கள்.

புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். ஆரி, பானாவிஷன், ஆட்டன் ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களும் 2011 வாக்கிலேயே புதிய பிலிம் கேமரா செய்வதை விட்டுவிட்டன. கோடாக் 2016-இல் அறிவித்த சூப்பர் 8 கேமரா பல வருஷம் கழித்து 2023 இறுதியில்தான் விற்பனைக்கு வந்தது, விலை 5,495 டாலர். அதுவும் 8 எம்.எம். ஆக, நம்மைப் போன்றவர்களுக்குப் பழையதுதான் கதி. பழையது என்றால் சோதனை.

சோதனை என்றதும் பெரிய கருவி எதையாவது எதிர்பார்த்தேன். அண்ணன் எடுத்துவந்தது தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப். கணக்கு இதுதான்: 16 எம்.எம். பிலிமில் ஓர் அடிக்கு 40 ஃப்ரேம். விநாடிக்கு 24 என்றால் பத்து விநாடிக்கு 240 ஃப்ரேம், அதாவது சரியாக ஆறு அடி. பரணிலிருந்து ஒரு டம்மிச் சுருளை இறக்கி கேமராவில் கோர்த்தார். பிலிமில் படம் பதிகிற இடமான கேட்டுக்கு நேராக மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டார். முழுச் சாவி கொடுத்தார். நான் ஃபோனில் நேரம் பார்க்க, பத்து விநாடி ஓட்டி நிறுத்தி மறுபடி ஒரு கோடு. கே-3-இல் முழுச் சாவிக்கு 24 ஃப்ரேமில் சுமார் 25 விநாடிதான் ஓடும். அதனால் நடுவில் ஐந்து விநாடி ஓட விட்டு, கடைசிப் பத்து விநாடியைத் தனியாக அளந்தோம். பிலிமை வெளியே உருவித் தரையில் நீட்டி டேப்பை வைத்தால், முதல் பத்து விநாடிக்கு ஐந்து அடி பத்து அங்குலம். கடைசிப் பத்து விநாடிக்கு ஐந்து அடி ஓர் அங்குலம். அதாவது 203 ஃப்ரேம். அக்கா மகளின் அவசரத்துக்குக் காரணம் அகப்பட்டது.

வியாதி ஸ்பிரிங்கில் இல்லை, உள்ளே இறுகிப்போன பழைய கிரீஸில். அண்ணனுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பிரித்துத் துடைத்து, மெல்லிய எண்ணெய் விட்டுக் கொடுத்தபிறகு முதல் அளவு ஆறு அடி, கடைசி அளவு ஐந்து அடி ஒன்பது அங்குலம். சாவி கொடுக்கும் கேமராவுக்கு இது போதும். இந்தக் கேமராவில் வேகத்தை 8 முதல் 48 வரை வைக்கலாம். ஆனால் உள்ளே பிலிம் இல்லாமல் 48-இல் ஓட்டி வித்தை காட்டாதீர்கள். விற்பவர் காட்டினாலும் தடுங்கள். வேலை முடிந்ததும் மிச்சச் சாவியை ஓடவிட்டுத் தளர்த்திவிட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும்.

அடுத்து அந்தக் கோடு. கதவைத் திறந்தால் பல்சக்கரத்துக்கும் கேட்டுக்கும் நடுவே, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு வளைந்த தகடுகள் தெரியும். பல்சக்கரம் பிலிமை நிற்காமல் தள்ளிக்கொண்டிருக்கும். கேட்டில் இருக்கும் கொக்கியோ ஒரு ஃப்ரேமை இழுக்கும், நிறுத்தும், அடுத்ததை இழுக்கும். இந்த இரண்டு நடைக்கும் ஒத்துப்போக நடுவில் பிலிம் கொஞ்சம் தொங்கலாக இருக்க வேண்டும். அதுதான் லூப். புதிதாகப் பழகுகிறவர்கள் சிரமப்படக் கூடாதென்று கே-3-இல் அந்த லூப்பைத் தகடுகளே வளைத்துக் கொடுக்கின்றன. நல்ல எண்ணம்தான். ஆனால் பிலிமைக் கீறுவதில் இந்தத் தகடுகளுக்குக் கெட்ட பெயர் உண்டு.

தகடுதான் குற்றவாளி என்று எடுத்த எடுப்பில் முடிவுகட்ட வேண்டாம். கீறாத டம்மியைக் கோர்த்துக் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்துங்கள். பிலிம் உள்ளே இருக்கும்போதே மேல் தகட்டுக்கு முன்னால், கேட்டுக்கு முன்னால், கேட்டுக்குப் பின்னால், கீழ்த் தகட்டுக்குப் பின்னால் என்று மார்க்கரால் புள்ளி வையுங்கள். வெளியே எடுத்து டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துச் சாய்த்து இரண்டு பக்கமும் பாருங்கள். கீறல் எந்தப் புள்ளிக்குப் பிறகு ஆரம்பிக்கிறதோ அங்கேதான் கோளாறு. என் கேமராவில் அது மேல் தகட்டிலேயே ஆரம்பித்தது. இரண்டு தகடுகளையும் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டேன். கழற்றுமுன், பிலிம் கோர்த்த நிலையில் ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டேன். இப்போது கையால் லூப் போடும்போது அளவுக்கு அந்தப் படம்தான் துணை. லூப் சின்னதானால் படம் துள்ளும், பெரிதானால் பிலிம் சுவரில் உரசும். நாலைந்து தடவை போட்டால் கை பழகிவிடும்.

கீறல் கேட்டிலேயே ஆரம்பித்தால் கதை வேறு. சூப்பர் 16-க்கு மாற்றியது என்று சொல்லி விற்கப்படும் கே-3-களில் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஃப்ரேமின் அகலத்தை 10.26 மில்லிமீட்டரிலிருந்து 12.52-க்குக் கூட்டுவதற்காகக் கேட்டை அரம் போட்டு ராவியிருப்பார்கள். ராவிய விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பிசிறு தட்டுப்பட்டால் அந்தப் பேரம் வேண்டாம். அகலம் கூடினால் லென்ஸின் மையத்தையும் நகர்த்த வேண்டும். அதை விட்டுவிட்டவர்களும் உண்டு, அப்போது வைட் ஷாட்டில் ஒரு பக்க மூலை இருண்டிருக்கும். சும்மா 16 எம்.எம்-ஆக விட்ட கேமராவே எனக்கு உத்தமம் என்று படுகிறது.

லென்ஸைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. கூடவே வருகிற மீட்டியர் ஜூம், 17 முதல் 69 எம்.எம். வரை, திறப்பு எஃப் 1.9. அந்த விலைக்கு இப்படியொரு லென்ஸ் கிடைப்பது அதிசயம்தான். ஃபோன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். சென்னைக் காற்றில் அது சீக்கிரம் பரவும். 69-இல் வைத்து, இன்ஃபினிட்டியில் நிறுத்தி, தூரத்துத் தண்ணீர்த் தொட்டியையோ கோயில் கோபுரத்தையோ பார்த்தால் கூர்மையாகத் தெரிய வேண்டும். இல்லையென்றால் யாரோ கழற்றிவிட்டுச் சரியாகப் பூட்டவில்லை. பிற்காலத்து கே-3-களில் எம் 42 திருகு மவுண்ட் இருக்கும். வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய ஜெனித்தின் ஹீலியாஸ் 58 எம்.எம். லென்ஸ் அப்படியே பொருந்தும். 16 எம்.எம். ஃப்ரேமில் அது நல்ல டெலி லென்ஸ் ஆகிவிடும். முற்காலத்து கேமராக்களில் இருப்பது வேறு பேயனெட் மவுண்ட். அதற்கு லென்ஸ் தேடி அலைய வேண்டியிருக்கும்.

உள்ளே இருக்கும் லைட் மீட்டரை மறந்துவிடுங்கள். அது 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தது. அந்த பேட்டரி இப்போது கிடையாது, 1.5 வோல்ட் போட்டால் பொய் சொல்லும். ஷட்டர் 150 டிகிரி. 24 ஃப்ரேமில் ஏறக்குறைய 1/60 விநாடி. அதை வைத்துக்கொண்டு தனி மீட்டரிலோ ஃபோன் ஆப்பிலோ அளந்தால் போதும்.

இந்தக் கேமராவில் எனக்கு மிகவும் பிடித்தது ஷட்டரின் கண்ணாடிதான். சுழலும் ஷட்டரையே சாய்வான கண்ணாடியாக்கி, லென்ஸ் பார்ப்பதை நம் கண்ணுக்கும் காட்டுவது 1937-இல் ஆரிஃபிளெக்ஸ் கொண்டுவந்த வழி. கே-3-ம் அதே வழிதான். லென்ஸ் தருகிற வெளிச்சம் முழுக்க பிலிமுக்குப் போகிறது. சுவிட்சர்லாந்தின் போலக்ஸ் ரிஃப்ளெக்ஸில் நடுவே ஒரு பிரிஸம் உண்டு, அது வெளிச்சத்தில் ஒரு பங்கைக் கண்ணுக்கு எடுத்துக்கொள்ளும். அதனால் போலக்ஸ் ரெக்ஸ்-5 மாடலில் ஷட்டர் 1/65 என்றாலும் மீட்டரில் 1/80 என்றே கணக்கிட வேண்டும். 50 எம்.எம்-க்குக் குறைவான லென்ஸ் என்றால் இந்தப் பிரிஸத்துக்கென்றே செய்த ஆர்எக்ஸ் வகையாகப் பார்த்து வாங்கவும் வேண்டும்.

இதைச் சொன்னதற்காக போலக்ஸ்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். நண்பரின் ரெக்ஸ்-5-ஐ ஒரு வாரம் வைத்திருந்தேன். பொன் வேலை மாதிரி செய்திருக்கிறார்கள். பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி ஒரு காட்சிமேல் இன்னொன்றைப் பதிக்கலாம். கே-3-இல் அந்த வசதி இல்லை. சோதனைப்பட இயக்குநர் மாயா டெரன் 1943-இல், அப்பா விட்டுச்சென்ற பணத்தில் வாங்கியதும் ஒரு பழைய போலக்ஸ்தான். 'மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்' அதில் எடுத்த படம். ஆனால் மிகப் பழைய போலக்ஸ்களில் பல்சக்கரத்தின் இரண்டு பக்கமும் பல் இருக்கும். இன்று சாதாரணமாகக் கிடைக்கும் பிலிமில் ஒரு பக்கம் மட்டும்தான் துளை. அந்தப் பற்கள் பிலிமைக் கிழித்துவிடும். பல்லை எண்ணிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். நல்ல போலக்ஸ் விலையும் கே-3-ஐப் போலப் பல மடங்கு.

கோடம்பாக்கத்தில் ஒரு காலத்தில் எங்கும் ஓடிய ஆரி 2சி-யைப் பார்த்தால் ஆசை வரும்தான். அது 35 எம்.எம்.; 400 அடிச் சுருள் நாலரை நிமிஷத்துக்குள் தீர்ந்துவிடும். நம் பாக்கெட்டும் கூடவே தீரும். அதன் இரைச்சலுக்குப் பயந்துதான் வசனத்தையெல்லாம் டப்பிங்கில் பேசினார்கள். கே-3-ம் அந்த ஜாதிதான். இதை வைத்து லைவ் சவுண்ட் எடுக்க நினைப்பது வீண்.

பணம் உண்மையில் போவது கேமராவில் இல்லை. 100 அடிச் சுருள் ஓடுவது இரண்டு நிமிஷம் நாற்பத்தாறு விநாடி. அதற்கு பிலிம் விலை, கழுவும் கூலி, ஸ்கேன், போய்வர கூரியர். இரண்டாவது சுருளிலேயே எனக்கு வயிற்றைக் கலக்கியது. கோடாக்கின் விஷன்3 கலர் நெகடிவைத் தெரு முனை ஃபோட்டோ லேபில் கழுவச் சொல்லக் கூடாது. ஸ்டில் பிலிமுக்கு சி-41, இதற்கு இசிஎன்-2, வேறு முறை. எந்த லேபில் 16 எம்.எம். எடுப்பார்கள், எத்தனை நாள் ஆகும் என்பதைக் கேமரா வாங்குவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள். விமானத்தில் போனால் கழுவாத பிலிமை சி.டி. ஸ்கேனருக்குள் விடாதீர்கள், கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தகடு கழற்றி, கிரீஸ் மாற்றிய பிறகு எடுத்த மூன்றாவது சுருளில் கோடு இல்லை. அக்கா மகளும் அவள் வேகத்திலேயே ஓடுகிறாள். தனியாகவோ இரண்டு பேராகவோ, சத்தம் பதியாமல், பகல் வெளிச்சத்தில் 16 எம்.எம். பழக நினைக்கிறவர்களுக்கு கே-3 தாராளமாக வாங்கத் தகுந்தது. ஆனால் ஓட்டிக் காட்ட மறுப்பவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பார்க்கப் போகும்போது கீறாத டம்மி இருபது அடி, ஒரு இஞ்ச் டேப், ஒரு மார்க்கர், கூடவே ஒரு காலி ஸ்பூலும் எடுத்துப் போங்கள். பிலிம் சுற்றிக்கொள்ளும் அந்த ஸ்பூல் இல்லாமலே பல கேமராக்கள் விற்பனைக்கு வருகின்றன. என்னுடையதிலும் இல்லை.